கூலாவுக்காக இளைத்த மாட்டு டாக்டர்

என் வீட்டுக்காரர் தோக்தோசுன் மாட்டு டாக்டர். எங்கள் நாரின் மலைப் பக்கத்தில் ஆடு இருமினாலும் அவர்தான், மாடு கன்று போட்டாலும் அவர்தான். கூலா என்ற பெண்குதிரையில் ஏறி வீடு வீடாகப் போவார். போன வீட்டில் ரொட்டியை வாயில் வைக்காமல் திரும்பினால் அந்த வீட்டையே அவமானப்படுத்தின மாதிரி. ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். இந்த மனுஷனுக்கு மட்டும் துணுக்கு என்றால் முழு ரொட்டி, மேலே கெட்டியாகப் பாலாடை, துணைக்குக் கறி. கேட்டால், "மரியாதைக்காகத் தின்னேன்" என்பார். அத்தனை ஊர் மரியாதையும் அவர் வயிற்றில்தான் இருந்தது.

இந்த வசந்தத்தில் ஒரு நாள், ஓடையைக் கடக்கும்போது கூலா நடுத்தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். சேணத்தைக் கழற்றிப் பார்த்தால் முதுகெல்லாம் புண்.

என் தம்பி கல்முரத் வந்து பார்த்தான். "மச்சான், இவள வித்துடுங்க. உங்க சைஸுக்கு ஒரு யானையத் தேடுவோம்."

முதுகு போன குதிரையை யார் வாங்குவார்கள்? கறிக்கடைக்காரன்தான். கூலா பிறக்கும்போது தாய் வயிற்றில் கால் மாட்டிக்கொண்டது. தோள்வரை கையைவிட்டு வெளியே இழுத்தவர் இவர். முகம் சுண்டிப்போய்விட்டது.

"கோடைக்கு ஆடுங்க மேல்புல்வெளிக்கு ஏறுறதுக்குள்ள நான் இளைச்சுடுவேன். இவளே என்னத் தூக்கிட்டுப் போவா. அதுவரைக்கும் எவனாவது விக்கிற பேச்சை எடுத்தீங்க, ஊசி போட்டுடுவேன்!"

"மாட்டு ஊசியா மச்சான்?" என்றான் கல்முரத். கொழுப்பு!

முதலில் பட்டினி. மறுநாள் சாயங்காலமே மீசையெல்லாம் பாலாடையோடு பால் அறையிலிருந்து வெளியே வந்தார். "பாலாடை சாப்பாட்டுல சேராதும்மா" என்று எனக்கே பாடம் எடுத்தார்.

புண் ஆறும்வரை கல்முரத்தின் வண்டியில்தான் போனார், கூலா வெறும் முதுகோடு பின்னாலேயே வருவாள். அப்புறம் போன வீட்டிலெல்லாம் வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். ஐயோ பாவம், டாக்டருக்கே உடம்புக்கு வந்துவிட்டதே என்று ஆளாளுக்கு ஆட்டை வெட்டிச் சூப்பு வைத்துவிட்டார்கள். அந்த வாரம் கோட்டுப் பொத்தான் தெறித்துக் கல்முரத் நெற்றியில் பட்டது. பட்டதும் நல்லதுதான்.

பிறகு ரொட்டியைத் தின்பதுபோல் நடித்து, பைக்குள் போட்டு, வெளியே வந்து கூலாவுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். அதுவும் பாலாடை தடவின ரொட்டி! கொஞ்ச நாளில் அவள் ஒவ்வொரு வாசலிலும் தானாக நின்றாள். ரொட்டி வராமல் நகரமாட்டாள். ஒரு நாள் புண்ணெல்லாம் ஆறிவிட்டதே என்று சேணத்தை வைத்துப் பார்த்தால், வயிற்றுவார் எட்டவில்லை.

"எந்த மடையன் இவளுக்கு இப்படித் தீனி போட்டது?" என்று கத்தினார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரட்டுமா?" என்றேன்.

அன்றைக்குத்தான் அவருக்குள் இருந்த டாக்டர் விழித்துக்கொண்டார். கூலாவுக்கு ரொட்டி கிடையாது. பார்லியில் பாதி. தினமும் சுமை இல்லாமல் நடை. யார் நடத்திக்கொண்டு போவது? அவரேதான். வண்டியை விட்டுவிட்டு, வீடு வீடாக இரண்டு பேரும் நடந்தே போனார்கள். வாசலில் நின்று அவர் வாயையே பார்ப்பாளாம் அவள்.

"அவளுக்குக் கெடயாதுன்னுட்டு நான் மட்டும் எப்படி மெல்றது?" என்றார். ஒரே ஒரு துணுக்கோடு எழுந்து வந்துவிடுவார். தன் வயிற்றுக்காக ஒரு வாய் குறைக்காதவர் குதிரைக்கு வெட்கப்பட்டார்.

நடுவில் ஒரு கல்யாணம் வந்தது. மனுஷன் விருந்தில் புகுந்து விளையாடிவிட்டார். மறுநாள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "எல்லாம் போச்சு, கெட்டேன்" என்று ஒரே புலம்பல்.

"போன வாரம் கூலா பார்லி மூட்டையக் கவுத்துத் தின்னாளே, அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"சரி விடு, வா நடப்போம்னேன்."

"அப்ப எந்திரிங்க."

எழுந்தார்.

மேல்புல்வெளிக்கு ஏறும் நாளும் வந்தது. ஆடுகள் முன்னால் போய்விட்டன. ஊரே பார்த்துக்கொண்டு நிற்க, இவர் கூலாமேல் ஏறினார். அவளோ காதை நிமிர்த்திக்கொண்டு, முதுகில் ஆள் இருப்பதே தெரியாததுபோல் நடந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முதல் மேடு தாண்டினதும் இறங்கிவிட்டார்.

"ஏங்க, அவளுக்கு வலிக்குதா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. உக்காந்துட்டே போறது எனக்குத்தான் என்னவோ மாதிரி இருக்கு. நான் நடக்கிறேன், நீ ஏறு."

நடந்து பழகிவிட்டதாம்! எனக்கென்ன, சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தேன். கூலா சில அடி வைத்தாள். காது இரண்டும் பின்னால் மடங்கின. இவர் அவள் முதுகைத் தடவிப் பார்த்தார், அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாட்டுக்காரர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னார்:

"எறங்கு."

"என்னது?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வா நடப்போம்."

இறங்கி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அவரைத் திட்டிக்கொண்டே மலை ஏறினேன். பாதி மலையில் திட்டுவதற்கு மூச்சு இல்லை. இருந்த மூச்சு நடக்கத்தான் சரியாக இருந்தது.