ஐயாயிரம் நைராவுக்கு இரண்டு ஏக்கர்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நைஜீரிய நைராவைக் கொடுத்தால் ஒரு டாலர் கிடைக்கும், மேலே சில்லறையும் கிடைக்கும். இன்று இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் நம்பினேன். கல்வராயன் மலையில் கரியாலூரில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் வேலைக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தடையின்மைச் சான்றும் வாங்கிக்கொண்டு, அந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் போய் நின்றேன்.

நாணய மாற்று எனக்கு அதற்கு முன்பே தெரியும். அந்த மலைக்குச் சாமை வாங்க வந்த வியாபாரி ஒருவர் இரண்டு படி வைத்திருந்தார். சாமையை அளந்து வாங்க ஒன்று, உப்பை அளந்து கொடுக்க ஒன்று. எது பெரிது என்று சொல்லத் தேவையில்லை. மலைக்காரர்களுக்கும் அது தெரியும். வேறு வியாபாரி வரமாட்டார் என்பதும் தெரியும். பிறகு நான் படித்த பொருளாதாரப் புத்தகங்கள் இதையேதான் கூடுதல் பக்கங்களில் சொல்லின.

அங்கே என் வாழ்க்கை முழுக்கப் பெருக்கல். கடையில் ஒரு முட்டையைக் கையில் எடுப்பேன். ஒரு நைரா பன்னிரண்டு ரூபாய் என்று விலையைப் பெருக்குவேன். அந்தக் காசுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு சாப்பாடே சாப்பிடலாம் என்று விடை வரும். முட்டையைத் திரும்ப வைத்துவிடுவேன். இப்படித் திரும்ப வைத்த முட்டைகளெல்லாம் சேர்ந்து ஒருநாள் நிலமாகும் என்று நினைத்தேன்.

எந்த நிலம் என்பதை முடிவு செய்தவள் என் மனைவி. கச்சிராயபாளையத்தில், கோமுகி வாய்க்காலை ஒட்டி இரண்டு ஏக்கர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதில்தான் கூலிக்கு வேலை செய்தார்கள். கல்யாணத்துக்கு முன்பு அவளும் அதில் நடவு நட்டவள். கூலிக்காக நின்ற அதே வரப்பில் கூலி கொடுப்பவளாக நிற்க வேண்டும். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான் விடுமுறையில் வந்தபோது நிலத்துக்காரரைப் போய்ப் பார்த்தோம். டாலரைவிடப் பெரிய காசில் வாத்தியார் சம்பளம் வாங்குகிறார் என்ற சேதி எங்களுக்கு முன்பே அவரிடம் போய்விட்டிருந்தது.

“இன்னா சார், ரூபாயில வெல பேசிக்கினு? ரூபா நாளைக்கு இன்னா ஆவும்னு எவனுக்குத் தெரியும்? உங்க காசுலயே பேசலாம். ஐயாயிரம் நைரா. எழுதிக்கலாம்.”

“அந்நியச் செலாவணியில கிரய ஒப்பந்தம் எழுதினா செல்லாதுங்க,” என்றேன்.

“டாலரையே முழுங்குற காசு, செல்லாதா? வாத்தியாரம்மா, நீயாவது சொல்லும்மா.”

அவள் என் பக்கம் சாய்ந்து, “அவரே கேக்குறாரு. எழுதிக் குடுங்களேன்,” என்றாள்.

நான் சட்டத்தை விளக்கினேன். நிலத்துக்காரர் கொட்டாவி விட்டார். கடைசியில் அறுபதாயிரம் ரூபாய் என்று எழுதினோம். இருந்த கையிருப்பை முன்பணமாகக் கொடுத்தேன். மீதிக்கு இரண்டு வருடக் கெடு. வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்று பத்திரம் எழுதுபவர் என்னைப் பாராட்டினார்.

சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பலாம் என்பது அங்கே விதி. அனுப்புவதற்கு விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் எண்ணெய் விலை விழுந்தது. டாலர் இல்லை, வரிசையில் இருங்கள் என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேல் வரிசையில் இருந்தேன். பிறகு அரசாங்கம் நைராவை ஏலச் சந்தையில் விட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டாலருக்கு நான்கு நைரா என்றானது. என் விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தது அதற்குப் பின்புதான். பணம் விடுவிக்கப்படும் நாளின் விகிதமே பொருந்தும் என்பது இன்னொரு விதி. பட்டினி கிடந்த நாளின் விகிதத்தைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

அறுபதாயிரத்தில் நான்கில் ஒரு பங்குகூட ஊர் வந்து சேரவில்லை. கெடு முடிந்தது, முன்பணமும் போனது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. நிலத்தை ரிஷிவந்தியத்துக்காரர் ஒருவர் வாங்கினார். நான் திரும்பி வந்து நிலத்துக்காரரைப் பார்த்தபோது, மோர் கொடுத்து உபசரித்தார்.

“நான் அப்பவே சொன்னேன் சார், உங்க காசுலயே எழுதிக்கலாம்னு. ஐயாயிரத்தை எண்ணிக் குடுத்துட்டு இந்நேரம் நீங்க கரும்பு வெட்டிக்கினு இருந்திருப்பீங்க. நீங்கதான் சட்டம் பேசினீங்க.”

இப்போதும் சொல்கிறேன், சட்டப்படி நான் சொன்னதுதான் சரி. நைராவில் எழுதியிருந்தால், அது விழுந்த மறுநாளே ஒப்பந்தம் செல்லாது என்று வக்கீல் வைத்து நிரூபித்திருப்பவர் இதே மோர் கொடுத்த மனிதர்தான். மனைவிக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முழுதாகக் கேட்டுவிட்டு, “சரிங்க,” என்பாள். கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது மட்டும், வாய்க்கால் தெரியாத பக்கத்து ஜன்னலில் உட்காருவாள்.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் நாணய விகிதம் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அன்று ஒரு நைராவுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் கொடுத்தார்கள். இன்று ஒரு ரூபாய்க்குப் பத்து நைராவுக்கு மேல் கொடுக்கிறார்கள். போன பொங்கலுக்கு முந்தைய நாள் அவள் கரும்புக்கட்டு ஒன்றை வாங்கி வந்து வாசலில் சாத்தினாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த ஐயாயிரம் இப்ப எவ்ளோ ஆவும்?” என்றாள்.

கணக்குப் போட்டு, முந்நூறு ரூபாய் வரும் என்றேன். அவள் கரும்பைப் பார்த்தாள்.

“ஒரு கட்டுக்கே பத்தாது,” என்றாள். “பேரம் பேசினா குடுப்பான்.”