இரண்டு கட்சிக்கும் தூணாக நின்ற நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில், மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமைக் காலையில், கண்டி நகரத்துக் கல்லூரியொன்றின் அதிபர் அறையில் நிகழ்ந்த சம்பவம் இது. அந்த அறைக்குள் நான் நுழைந்தபோது எனக்கு வயது நாற்பத்தாறு. அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது எத்தனை வயது என்று யாராவது கேட்டிருந்தால், யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன்.

அக்காலத்தில் நான் கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்ட அரசாங்க அலுவலகத்தின் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவனாக இருந்தேன். ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கறுப்புக் குடை, இவையே என் அலுவலகம். ஐந்தாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையை விட்டவன் நான். அதன் பின் தமிழ் கற்றதெல்லாம் அரசாங்க வர்த்தமானியைப் படித்துத்தான். பிறப்புப் பதிவு, காணித் தகராறு, பிரஜாவுரிமை என எதுவாயினும், எந்தப் படிவத்தோடு எந்தத் தாளை இணைக்க வேண்டுமென்பது எனக்கு அத்துப்படி. அதில் எனக்குச் சற்று கர்வமும் உண்டு என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் நட்டமில்லை.

என் மூத்த மகள் சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியடைந்தாள். அதற்கு அடுத்த படியான உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்று சொன்னாள். நாங்கள் குடியிருந்த அம்பிட்டியவில் அதற்கு வழியில்லை. தமிழ்மொழி மூலம் அப்பாடத்தைக் கற்பித்த கல்லூரி, எங்களுக்கு எட்டிய தூரத்தில், நகரத்தில் இருந்த அந்த ஒன்றுதான். அங்கே இடம் கிடைக்காவிட்டால் அவள் தையல் வகுப்புக்குப் போவதென்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு எழுந்திருந்தது. தையல் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிடுவாள்.

கல்லூரியின் அறிவித்தற் பலகையில் தகைமைகள் ஒட்டப்பட்டிருந்தன. ஆறு பாடங்களில் சித்தி, அவற்றுள் தமிழிலும் வரலாற்றிலும் திறமைச் சித்தி, பிறப்புச் சான்றிதழ், முன்னைய பாடசாலையின் விடுகைப் பத்திரம், நேர்முகத்துக்குப் பெற்றோருள் ஒருவர் வருதல். கடைசியில் அடிக்கோடிட்டு ஒரு வரி இருந்தது. மாணவருக்காகச் சிபாரிசுக் கடிதம் சமர்ப்பிப்போர் தகைமை இழப்பர்.

மகள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

"எல்லாமே இருக்குப்பா நம்மகிட்ட. வாங்க போவோம்."

நான் நகரவில்லை. அந்தக் கடைசி வரியை மூன்று முறை வாசித்தேன். அலுவலகங்களின் பாஷை எனக்குத் தெரியும். "வேலை காலி இல்லை" என்று எழுதியிருந்தால், தக்க ஆளோடு வந்தால் வேலை உண்டு என்று பொருள். "நாளை வாருங்கள்" என்றால், கடிதத்தோடு வாருங்கள் என்று பொருள். அந்த நாட்களில் ஒரு தண்ணீர்க் குழாய்க்குக்கூட அரசியல்வாதியின் துண்டுக் கடிதம் வேண்டியிருந்தது. அப்படியிருக்க, சிபாரிசு கூடாதென்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்களென்றால், சில்லறை ஆட்களின் கடிதத்தோடு வந்து தொல்லை கொடுக்காதீர்கள், பெரிய இடத்துக் கடிதமாகக் கொண்டுவாருங்கள் என்பதல்லவா அதன் உட்பொருள்? அதுவும் படிக்கப்போவது அரசியல்! அதற்கு அரசியல்வாதியின் கடிதம் இல்லாமலா?

இவ்விளக்கத்தை வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை விட்டுத் திரும்பவேயில்லை. "புள்ள படிச்சு பாஸ் பண்ணிருக்கு. நீங்க எதுக்குங்க நடுவுல பூந்து குழப்புறீங்க?" என்று மட்டும் கேட்டாள். நிபுணத்துவம் இல்லாதவர்களிடம் விவாதித்துப் பயனில்லையென்று நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கச்சேரி வாசலில் எனக்குப் பக்கத்து மேசைக்காரர் மடவளையைச் சேர்ந்தவர். விஷயத்தைச் சொன்னேன். "அதிபர் எந்தக் கட்சின்டு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"அப்ப எப்பிடி ஒரு கடிதத்தோட போற? ரெண்டு பக்கமும் எடுங்கண்ணே. போய்ப் பாத்து, தோதானத நீட்டுங்க."

ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவரின் காரியதரிசியையும், எதிர்க்கட்சி அமைப்பாளர் ஒருவரின் காரியதரிசியையும் தொழில்முறையில் அறிவேன். இருவரும் தலைப்பிட்ட வெற்றுத்தாளைத் தந்து, தமிழ்க் கல்லூரிக்குத்தானே, நீரே எழுதிக்கொண்டுவாரும், ஐயா கையெழுத்து வைப்பார் என்றார்கள். உலகத்தில் இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? இரவல் நடை எதற்கென்று என் சொந்த நடையிலேயே எழுதினேன். நன்றாக அமைந்துவிட்ட ஒன்றை மாற்றுவானேன் என்று இரண்டாவது தாளிலும் அதையே எழுதினேன். கையெழுத்துகளும் வந்து சேர்ந்தன.

திட்டம் இதுதான். அதிபர் அறைச் சுவரில் எந்தத் தலைவரின் படம் தொங்குகிறதென்று பார்ப்பது. அதற்கேற்ற கடிதத்தை எடுப்பது. மழைக்கு அஞ்சி இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். மகளுக்குச் சொல்லவில்லை.

உள்ளே இருவர் இருந்தனர். தொப்பி அணிந்த, குறைவாகப் பேசும் முஸ்லிம் பெரியவர் அதிபர். பக்கத்தில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அரசியல் விஞ்ஞான ஆசிரியை. நான் சுவரைப் பார்த்தேன். வலைப்பந்து அணியின் படம் ஒன்று. பேக்கரிக் கலண்டர் ஒன்று. வேறெதுவுமில்லை. எந்தக் கடிதத்தை எடுப்பது?

ஆசிரியை பெறுபேறுகளைப் பார்த்தார். நான்கைந்து கேள்விகள் கேட்டார். மகள் தடுமாறாமல் பதில் சொன்னாள். "சரி, எல்லாம் வடிவாக் கிடக்கு" என்று ஆசிரியை சான்றிதழ்களை அடுக்கத் தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது! எனக்கு அது பெரும் கலக்கத்தைத் தந்தது. இத்தனை சுலபமாக எந்தக் காரியமும் இந்த நாட்டில் முடிந்து நான் கண்டதில்லை. ஆகவே அவர்கள் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார்களென்று முடிவு செய்தேன். எழுந்து நின்று, சட்டைக்குள் கையை விட்டு, குத்துமதிப்பாக ஆளுங்கட்சியை உருவி, அதிபரிடம் பணிவோடு நீட்டினேன்.

ஈரத்தில் ஒட்டிக்கொண்டு எதிர்க்கட்சியும் கூடவே வந்தது.

அதிபர் இரண்டையும் மெதுவாகப் பிரித்தார். ஒன்றைத் தாம் வைத்துக்கொண்டு மற்றதை ஆசிரியையிடம் தந்தார். ஆசிரியை வாய்விட்டு வாசித்தார்: "இக்குடும்பத்தார் மூன்று தலைமுறைகளாக எமது கட்சியின் அசையாத் தூண்களாய் நின்று, அல்லும் பகலும் அருந்தொண்டாற்றி வருபவர்கள்."

"இதிலயும் அதான் இருக்கு," என்றார் அதிபர். "அல்லும் பகலும் வரைக்கும்."

ஆசிரியை தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. அதிபர் சிரிக்கவில்லை.

"அறிவித்தல் வாசிக்கல்லியா நீங்க?"

"வாசித்தேன் ஐயா."

"கடைசி வரி?"

"அதையும் வாசித்தேன் ஐயா." உட்பொருளை விளக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

"அப்ப இந்தப் புள்ளைக்கு இடம் தர ஏலாதே. சட்டம் சட்டம்தானே."

மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்கள் நிறைந்திருந்தன, மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டாள். அதிபருக்கு மனம் இளகியதோ என்னவோ, அவளிடம் கேட்டார்: "உண்மையச் சொல்லுங்க மகள். உங்கட வீட்டாக்கள் எந்தக் கட்சி?"

"எங்க வீட்டுல யாருக்கும் ஓட்டே இல்ல சேர்," என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். ஊரிலுள்ளோருக்கெல்லாம் பிரஜாவுரிமை விண்ணப்பம் எழுதிக்கொடுத்த என்னுடைய விண்ணப்பம், அவள் பிறந்ததிலிருந்து எங்கோ ஓர் அலுமாரியில் கிடந்தது. என் தந்தையார் ஒருமுறை வாக்களித்ததாகச் சொல்வார். அதன்பின் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தோடு அந்த உரிமையும் போயிற்று. அப்படிப்பட்ட நாங்கள்தான் இரு பெரும் கட்சிகளையும் தாங்கி நின்றிருக்கிறோம்.

ஆசிரியை முகத்திலிருந்து தாளை எடுத்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு அதிபரிடமிருந்த மற்றதையும் வாங்கி வாசித்தார்.

"சேர், ஒருக்காப் பாருங்கோ. மாணவருக்காகச் சிபாரிசு குடுத்தால்தானே தகைமை இழப்பு? இதில பிள்ளையின்ர பேரே இல்லை. பிள்ளை இருக்கெண்டே ஒரு வரி இல்லை." என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்கள் ஆருக்கு இடம் கேட்டு வந்தனீங்கள்?"

அதிபர் இரண்டு தாள்களையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு சிறு அசைவு தெரிந்தது. "அது சரிதான். தூணுக்கெல்லாம் நம்மட கல்லூரியில அனுமதி இல்ல. புள்ளைக்குத் தரலாம்," என்று சொல்லி, கடிதங்களை என்னிடமே திருப்பித் தந்தார்.

பேருந்து நிலையம் வரையில் மகள் குடையைத் தானே பிடித்துக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, திடீரென்று அடக்கமாட்டாமல் சிரிக்கத் தொடங்கினாள்.

"நல்லவேளப்பா, என்னைய மறந்துட்டீங்க! என் பேர எழுதிருந்தா இன்னைக்கி நான் தையல் கிளாஸுக்குத்தான் போயிருக்கணும்."

நானும் சிரித்தேன். ஆயினும் அச்சிரிப்பு அம்பிட்டிய போய்ச் சேரும்வரை தாங்கவில்லை. ஆறு பாடங்களில் சித்தியடைந்தவள் அவள். தமிழிலும் வரலாற்றிலும் திறமை காட்டியவள் அவள். அவளுக்காக என் வாழ்நாளின் மிகச் சிறந்த நடையில் இரண்டு பக்கம் எழுதிய நான், அவளைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை.

அவள் அரசியல் விஞ்ஞானம் படித்து, பின்னர் அதையே கற்பிக்கவும் செய்தாள். நான் இன்னும் பல ஆண்டுகள் கச்சேரி வாசலில் எழுதினேன். ஆனால் அந்நாளுக்குப் பிறகு, யார் வந்து எதிரில் அமர்ந்தாலும், பேனாவைத் திறப்பதற்கு முன்னால், யாருக்காக எழுதுகிறோமோ அவரைப் பற்றி உண்மையாக ஒரு வரி சொல்லும்படி கேட்பேன். பெரும்பாலும் அந்த ஒரு வரியே போதுமாயிருந்தது என்பதும், மீதியெல்லாம் என் அலங்காரமே என்பதும் இன்றுவரை எனக்கு வெட்கமாகவும் ஆறுதலாகவும் இருக்கின்றன.