அக்காவை எடுக்க விடாமல் நான் வாசலில் நின்றது ஏன்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களில் பாதிப் பேர், போன வருஷம் இதே திதியில் நான் வாசலை மறித்து நின்றதைப் பார்த்தவர்கள். அக்காவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் வந்தாகிவிட்டது. மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். வண்டியும் வந்துவிட்டது. "எடுக்கக் கூடாது" என்று மூன்று மணி நேரம் சொல்லிக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வாங்கிய ஏச்சுக்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனாலும் அதை எழுதாமல் அக்காவைப் பற்றி வேறு என்ன எழுதினாலும் அது முழுசாக இருக்காது.

அக்கா பிறந்தது மகாராஜபுரத்தில். ஐந்து பேரில் அவர் மூத்தவர், நான் கடைசி. ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரே மகன் நடக்கப் பழகும் முன்பே அத்தானைப் பறிகொடுத்தார். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்காமல், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மாவு மில் போட்டார். "பொம்பளை மோட்டார் ஓட்டுதாளாம்" என்று சிரித்த தெரு, பிறகு மிளகாய் வத்தலும் மல்லியுமாக அவர் கடையில் வரிசையில் நின்றது. பெல்ட் அறுந்தால் தானே மாட்டுவார்.

இரண்டாவது மெஷின் வாங்கும்போது நான் கூட இருந்தேன். விற்க வந்தவர், "ஆயுசுக்கும் நிக்காதுக்கா" என்றார். அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். என்னிடம், "நிக்காத மெஷின் உண்டாலே? எப்ப நிக்கும், நின்னா யாரு வருவாகன்னு சொல்லுதவன்ட்டதான் வாங்கணும்" என்றார்.

பெல்ட் மாட்டிய அந்தக் கைக்குத்தான் நடுக்கம் வந்தது. முதலில் வலது கை. பிறகு மாவு அள்ளினால் பாதி தரையில். பிறகு வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல அப்படியே நின்றுவிடுவார். மாத்திரை சில வருஷம் கேட்டது. போகப்போக, ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவே கை கால் அவர் சொன்னபடி கேட்கவில்லை. மதுரையில் பார்த்த மூளை நரம்பு டாக்டர், மூளைக்குள் மெல்லிய கம்பி இறக்கி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பெட்டி வைத்து, அதிலிருந்து கரண்ட் கொடுக்கலாம் என்றார். இரண்டு கம்பெனிப் பெட்டிகள். ஒன்றுக்குத் தோலுக்கு மேலே இருந்தே வாரம் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். மற்றது சார்ஜ் கேட்காது, ஆனால் சில வருஷத்தில் தீர்ந்துபோகும், திரும்ப அறுத்துப் பெட்டியை மாற்ற வேண்டும். "ரெண்டும் உங்களுக்குப் பொருந்தும். எது வசதின்னு யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. படித்த டாக்டர், முடிவை நம்மிடம் ஏன் விடுகிறார்? நாளைக்கு ஒன்று ஆனால் நீங்கதானே கேட்டீங்க என்று சொல்லவா? அன்றிலிருந்து ஒரு நோட்டில் கேள்விகளாக எழுதினேன். இடி இடித்தால் என்ன ஆகும்? ஆடிப்பூரத் தேரில் மைக் செட் பக்கம் நிற்கலாமா? இரண்டு நாள் கரண்ட் போனால்? பெட்டிக்குள் இருப்பது புதுசுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

இரண்டு கம்பெனிக்காரர்களும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஒருவர் நல்ல சிரித்த முகம், படம் போட்ட புத்தகம். இன்னொருவர் முன்வழுக்கை, வியர்த்த சட்டை. என் நோட்டைப் பார்த்து முதலாமவர் சிரித்தார். இரண்டாமவர் சிரிக்கவில்லை. அதுவும் ஒரு தந்திரமோ என்று நினைத்தேன்.

நான் கேட்டு முடிக்கும் வரை பொறுமையாக இருந்த அக்கா, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் செத்தா இதை என்ன செய்வீக?"

"ஐயோ, அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? நூறு வயசு இருப்பீங்க" என்றார் சிரித்த முகம்.

வழுக்கைக்காரர் அக்காவுக்கு நேரே திரும்பினார். "எரிக்கிற வழக்கம்னா அதுக்கு முன்னாடி எடுத்திரணும்மா. உள்ள பேட்டரி இருக்கு, நெருப்புல வெடிக்கும். ஒரு டாக்டர் வந்து எடுக்கணும். எனக்கு போன் போடச் சொல்லுங்க, ஏற்பாடு பண்ணித் தாரேன்."

வெளியே வந்ததும், "இவுக பொட்டியே போதும்" என்றார் அக்கா.

"வாரம் வாரம் சார்ஜ் போடணுமேக்கா! யாரு போடுவா?"

"நீ போடு. சாவைக் கேட்டதுக்கே பொய் சொல்லாத மனுஷன், பொட்டியைப் பத்தியா சொல்லப் போறாக?"

"அதையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்திருந்தா?"

"ஏலே, நீ நம்ம அம்மை பால் தந்தப்பவே மோந்து பாத்துட்டுத்தான் குடிச்சிருப்பே."

ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துக் கரண்டைக் கூட்டிக் குறைத்துச் சரிபார்த்தார்கள். நடுக்கம் அடங்கியது. முழுசாக இல்லை, நடையில் கொஞ்சம் தடங்கல் கடைசி வரை இருந்தது. அக்கா கையை முறுக்கி என் மூக்குக்கு நேரே நீட்டி, அசையாமல் பிடித்துக்கொண்டு, "இப்ப அடிச்சா குறி தப்பாதுலே" என்றார். நாங்கள் இருவருமே அழுதோம். பெட்டியின் எண் போட்ட அட்டையை மகனிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். அதன் பின்பக்கம் அந்த வழுக்கைக்காரரின் போன் நம்பர். ஆறு வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் சார்ஜ் போட்டேன். தோள் மேல் பட்டை மாட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று பத்துத் தடவை பார்ப்பேன். அந்த நேரத்தில் அக்கா மில்லில் வந்து போன கதை எல்லாம் சொல்லுவார்.

நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இரண்டு வாரம் ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அவரே கேட்டு வந்தார். மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

நான் அந்த நம்பருக்குப் போன் போட்டேன். "சார், நான் அந்தக் கம்பெனியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். அட்டையில் நம்பரைத் திரும்ப ஒரு தடவை பார்த்தேன். "ஆனா நீங்க அம்மாவை எடுக்க விட்டுராதீங்க. டாக்டருக்குச் சொல்லிட்டு நானும் வாரேன்" என்றார். வேறு கம்பெனிக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது? எதற்காக வர வேண்டும்? வரமாட்டார் என்றே நினைத்தேன். நினைத்துக்கொண்டே வாசலில் நின்றேன்.

அக்கா மகன், "மாமா, ஆஸ்பத்திரியில ஒண்ணும் சொல்லலியே" என்று கலங்கினான். பெரியப்பா மகன் அண்ணன் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏலே, செத்த பொறவும் அவளை அறுக்கணுமோ? அந்தப் பொட்டியை எவன்ட்ட விக்கப் போறே?"

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவனை ஊரே சந்தேகப்பட்டது. அட்டையைச் சட்டைப் பையில் பிடித்துக்கொண்டு வாசலை விட்டு நகராமல் நின்றேன்.

வழுக்கைக்காரர் வந்தார். கூடவே ராஜபாளையத்து டாக்டர் ஒருவர். சேலையை மறைப்பாகக் கட்டினோம். நானும் உள்ளே நின்றேன். கால் மணி நேரத்தில் எடுத்து, உயிரோடு இருப்பவருக்குத் தைப்பதுபோல நேர்த்தியாகத் தைத்து மூடினார் டாக்டர். பெட்டியை ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பதாகச் சொன்னார்கள். அதை எழுத்தில் கேட்டேன், எழுதித் தந்தார்கள். பெட்டியில் உள்ள எண்ணை அட்டையோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதன் பிறகுதான் அக்காவை எடுக்கச் சொன்னேன்.

"கோவிச்சுக்கிடாதீங்க, எனக்குச் சந்தேகக் குணம்" என்றேன் அவரிடம்.

"அம்மா ஆபரேஷன் அன்னைக்கே சொல்லிட்டாங்க சார். 'நான் போற அன்னைக்கு என் தம்பி உங்களை ஒரு வழி பண்ணுவான். அவன் ஒருத்தன்தான் அதை மறக்க மாட்டான். அவன் கேக்கதுக்கெல்லாம் நின்னு பதில் சொல்லிட்டுப் போங்க'ன்னாங்க."

அக்காவின் கடைசி நாட்களில் கூட இருந்து பார்த்த நர்ஸம்மாவுக்கும், சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த மடவார் வளாகத்துத் தெருக்காரர்களுக்கும், வெயிலில் மூன்று மணி நேரம் காத்து நின்ற உங்கள் அனைவருக்கும், என்னை ஏசிய அண்ணனுக்கும் சேர்த்தே நன்றி சொல்லிக்கொள்கிறேன். அந்த வழுக்கைக்காரர் தன் பெயரை இதில் போட வேண்டாம் என்றார். ஏன் வேண்டாம் என்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அன்று அக்கா சொன்னபடியே, நான் கேட்டதற்கெல்லாம் அவர் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனார்.