மின்சாரம் போனால் கைதட்டுபவர்

விளக்கு, விசிறி எல்லாம் ஒரே நொடியில் நின்றதும் வீட்டிலிருந்தவர்கள் "அய்யோ" என்றார்கள். ஸ்டூலின் மேல் நின்றிருந்த கைதட்டியம்மா மட்டும் படபடவென்று கைதட்டினார். "விழுந்துட்டான் பாரு, என் சமர்த்து!" என்று, தான் அப்போதுதான் மாட்டிய டிரிப் சுவிட்சைக் கொஞ்சினார்.

மின்சாரம் வழி தவறி யார் உடம்பிலாவது பாய்ந்தால், கண் மூடித் திறப்பதற்குள் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற சாதனம் அது. பழைய மின்பெட்டிகளில் இருப்பவை பல துருவேறி, விழவே மறந்துபோயிருக்கும். அவற்றைக் கழற்றிவிட்டுப் புதிது பொருத்துவதுதான் இந்த அம்மாவின் தொழில். சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுவதைக் கண்ணால் பார்க்காமல், கொடுத்த டீயைக்கூடத் தொடமாட்டார். வேலைக்குக் கிளம்பும்போது வளையல்களைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். "ஊரே இருட்டுல உக்காந்திருக்கும், இவ மட்டும் சிரிச்சுக்கிட்டு நிப்பா" என்பார் அந்த மனிதர், பெருமையை மறைக்கத் தெரியாமல்.

அடக்கம் என்பது அம்மாவுக்கு ஆகாத சரக்கு. "நான் மாட்டின பெட்டியில குத்தம் வந்ததா சரித்திரமே கிடையாது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொள்வார். அந்தச் சரித்திரத்துக்குத்தான் ஒரு வீட்டில் சோதனை வந்தது.

அண்ணன் குடும்பம் மாடியில், தம்பி குடும்பம் கீழே. வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. கீழ்வீட்டுக் குட்டிப்பெண் ஒருநாள் ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட, அது அவளைத் தூக்கிப் போட்டது. நல்ல காலம், பிழைத்தாள். வீடு முழுவதற்கும் பொதுவாக இருந்த பழைய பெட்டி அத்தோடு கழன்றது. கைதட்டியம்மா வந்து மாட்ட, மாடிக்கு ஒன்று, கீழே ஒன்று என்று புதுப் பெட்டிகள் ஏறின.

அன்று சாயங்காலமே தொல்லை தொடங்கியது. ஒரு சமயம் மாடி இருண்டது, ஒரு சமயம் கீழ்வீடு இருண்டது, சில சமயம் இரண்டும். "எங்க வீட்டு வெளிச்சம் அவ கண்ணை உறுத்துது" என்றாள் மூத்தவள். "வேணும்னே ஏதோ பண்றாங்க" என்றாள் இளையவள். கைதட்டியம்மா இரண்டு முறை பகலில் வந்து மூலைமுடுக்கெல்லாம் துருவிப் பார்த்தார். எதுவும் விழவில்லை. முகம் தொங்கத் திரும்பினார்.

மூன்றாம் முறை இளையவள் பொறுமை இழந்தாள்.

"இதைக் கழட்டிட்டு கரண்டை டைரக்டா குடுத்துடுங்கம்மா. இல்லேன்னா வேற ஆளை வச்சுக் குடுத்துக்கறோம்."

குட்டிப்பெண் அதே வாஷிங் மெஷினில் சாய்ந்தபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அம்மா அவளைக் காட்டினார். "டைரக்டா குடுத்தா லைட் எரியும். ஆனா இவளுக்கு யாரு காவல்? இன்னிக்கு ஒரு பொழுது பொறுங்க" என்று சொல்லிவிட்டு, போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

இருட்டத் தொடங்கியது. அம்மாவிடம் தன் பங்குக்கு நாலு வார்த்தை கேட்க மூத்தவள் கீழே இறங்க வந்தாள். கால் இடறுமே என்று படிக்கட்டு விளக்கைப் போட்டாள். இரண்டு வீடும் ஒன்றாக அணைந்தன.

இருட்டில் கைதட்டல் கேட்டது. "அகப்பட்டான்டா திருடன்!"

வீடு ஒன்றாக இருந்த காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் படிக்கட்டு விளக்குக்கு மாடியிலிருந்து ஒரு கம்பியும் கீழ்வீட்டிலிருந்து மறு கம்பியும் இழுத்திருந்தார். ஒரே பெட்டி இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை.

"போன கரண்டு திரும்பி வந்துச்சான்னு பாக்கறதுதான் இவனுங்க வேலை" என்று அம்மா விளக்கினார். "மேல கிளம்பினது கீழ் வீட்டு வழியா திரும்புது. நம்ம ஆளைக் காணோமேன்னு மேல இருக்கறவன் விழறான். யாருடா இது புதுசான்னு கீழ இருக்கறவன் விழறான். சில நேரம் ஒருத்தன் முந்திக்கிட்டு விழுந்தா மத்தவன் தப்பிச்சுக்குவான். உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பே இல்ல தாயி."

மாடியிலிருந்தே விளக்குக்குப் புதுக்கம்பி இழுத்தாயிற்று. விழுகிறதா பார்க்க, பெட்டிக்கு ஒருத்தியாக நிறுத்தினார்.

"அவங்ககிட்ட சொல்லுங்கம்மா, நான் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்னு" என்றாள் இளையவள்.

"எனக்குக் காது அடைச்சிருக்கு. நேரா சொல்லு."

பிறகு கீழிருந்து மெல்லிசாக, "போடுங்கக்கா" என்று கேட்டது.

"போட்டுட்டேன். விழுந்துச்சா?"

"விழலக்கா!"

"இங்கயும் விழலடி! இரு, அணைச்சுப் பாக்கறேன்."

அம்மா ஏணியை மடக்கினார், சாமான்களைப் பையில் போட்டார். சோதனை எப்போதோ முடிந்துவிட்டது.

"அக்கா, பெரியவனுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேனே, தேவலையா?"

"தேவலைடி, நேத்தே ஸ்கூலுக்குப் போயிட்டான். இரு, மறுபடியும் போடறேன், பாரு."

படிக்கட்டு விளக்கு எரிந்தது, அணைந்தது, திரும்ப எரிந்தது. வாசலில் செருப்பை மாட்டப்போன கைதட்டியம்மா, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஓசைப்படாமல் தெருவில் இறங்கினார்.