பேஜாருக்கு ஒரு ஹாபி

கும்மிடிப்பூண்டியில் எங்கள் இரும்பு ஆலைக்கு வாரம் ஒருமுறை மனநல ஆலோசகர் ஒருவர் வருவார். கோவைக்காரர், மடிப்பு கலையாத சட்டை. ஒவ்வொருவரும் எழுந்து போனதும் மணிக்கட்டில் வாசனைத் தைலம் தடவிக் கண்ணை மூடிக்கொள்வார்.

“உங்க துக்கம் எம்மேல ஒட்டிக்கக் கூடாதில்லீங்களா?” என்பார். ஒட்டிக்கொள்ள, எதைத்தான் காதில் வாங்கினார்?

தம்பி இறந்த மாதம் நானும் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

“ஊட்டுக்குப் போனாலே பேஜாரா கீது சார்.”

“போரடிக்குதுங்களா? ஹாபி ஏதாவது வெச்சுக்கோங்க” என்றபடி தைலத்தைத் திறந்தார்.

ஆலை அவரை வேலையிலிருந்து நிறுத்திய அன்று கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சார் ஆச்சு?” என்றேன்.

“ஒரே பேஜாருங்க” என்றார்.

வேதனைக்கு நாங்கள் சொல்லும் சொல்லைச் சரியான இடத்தில்தான் போட்டார். நான் அவர் முன்னால் உட்கார்ந்த அன்றைக்கே அதன் பொருள் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற நினைப்புதான் என்னை இன்னும் எரிக்கிறது.