இல்லாத சேருக்கு ஒரு வேட்டி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கச்சி சுகந்தி வீட்டில் விருந்து. அவள் கந்தோர்ப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டாள் என்று நண்டுக்குழம்பு, கணவாய்ப் பொரியல், பாயாசம்... ஒரே அமர்க்களம். சமைத்தது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், பாஸ் பண்ணினவள்தான்!

சாப்பிட்டு முடிந்ததும் அவளுடைய கணவர் ரவி அறைக்குள் போய் ஒரு தட்டத்தோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் சரிகைக்கரை போட்ட புது வேட்டி.

"அக்கா, இது சுகந்தியின்ர கிளாஸ் சேருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை நிலாவெளியில வச்சுப் படிப்பிச்ச மனிசன். பின்னேரம் எல்லாரும் போய்க் குடுத்திட்டு வருவம். சேரின்ர வீடு எந்தப் பக்கம் எண்டு கேட்டால் இவள் சொல்லுறாள் இல்லை. உங்களுக்குத் தெரியுமே?"

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டு மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே துடைத்த மேசை.

ஏனென்றால், அப்படி ஒரு சேர் இல்லை. கிளாஸும் இல்லை. அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

பொறுங்கள், முதலில் இருந்து சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்குப் பிரஷர் ஏறும்.

சுகந்தி திருகோணமலை டவுனில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக். அவர்களுக்குத் தடைதாண்டல் பரீட்சை என்று ஒன்று இருக்கிறது. தாண்டினால் மேலே போகலாம். தாண்டாவிட்டால் நேற்று வந்த பிள்ளைகள் முந்திக்கொண்டு போய், நாளைக்கு இவளுக்கே பைல் நீட்டுவார்கள். போன தடவை எழுதிக் கோட்டை விட்டாள். "கேள்வியை வாசிக்கிறன் அக்கா. கடைசி வரிக்கு வரேக்க முதல் வரி போயிடுது. மண்டைக்குள்ள புகை அடைச்ச மாதிரிக் கிடக்கு" என்று அழுதாள்.

அதோடு நிற்கவில்லை. ஒருநாள் ஸ்கூட்டியில் மார்க்கெட்டுக்குப் போனவள் மரக்கறிப் பையோடு ஓட்டோவில் வந்து இறங்கினாள். வாசலில் ஸ்கூட்டியைக் காணவில்லை என்று பொலிசுக்குப் போக வெளிக்கிட்டபோதுதான், அதை மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்ததாம். "எனக்கு மறதி வருத்தம் வந்திட்டுது போல. நாப்பத்திரண்டு வயசிலயே! இந்த முறை பரீட்சைக்குப் பேர் குடுக்காமல் விடப் போறன் அக்கா" என்று போனில் சொன்னாள். குரலில் உண்மையான பயம்.

டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம், பிரஷர் எல்லாம் பார்த்தார். ஒரு குறையும் இல்லை, நல்லா ஓய்வு எடுங்கோ என்று அனுப்பிவிட்டார். ஓய்வு! எந்தக் கடையில் விற்கிறார்கள், டொக்டர்?

பிறகு வீட்டு வைத்தியம் தொடங்கியது. ரவி கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லி வால்நட் எடுப்பித்தார். பார்க்க மூளை மாதிரியே இருக்கிறது, அதனால் மூளைக்கு நல்லதாம். மாமி, அதாவது ரவியின் அம்மா, முற்றத்தில் வரிசையாகச் சட்டி வைத்து வல்லாரை வளர்த்தார். நல்ல செழிப்பாக வந்தது. ஒரு விடியற்காலை எங்கள் டவுனுக்குள் ஆடுமாடு மாதிரித் திரியும் மான்கள் கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து வேரோடு தின்றுவிட்டுப் போய்விட்டன. இப்போது திருகோணமலையில் ஞாபகசக்தி கூடியவை யார் என்றால், அந்த மான்கள்தான்.

சுகந்தியின் மகள் தன் பங்குக்கு அம்மாவின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். மனதை ஒருமுகப்படுத்தும் ஆப். அது சும்மா இருக்கிற மனிசியை 'டிங்' என்று கூப்பிட்டு, "உங்கள் மூச்சைக் கவனியுங்கள்" என்று சொல்லும். அரிசி களைந்துகொண்டு நிற்கும்போது மூச்சைக் கவனித்தால், அரிசிக்குள் கிடக்கும் கல்லை யார் கவனிப்பது?

வட்ஸ்அப்பில் சொந்தக்காரர் அனுப்பியதைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். மூளை மந்தம் போகப் பத்து வழிகள். விடிய எழும்புங்கள். வெந்நீர் குடியுங்கள். காலை வெயிலில் நடவுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யுங்கள்...

ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையா? இதை எழுதிய ஐயாவை நான் ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் அந்த ஒரே ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தபோது அவருடைய சோறு தானாக வெந்ததா? அவருடைய பிள்ளையின் சொக்ஸ் தானாக அலுமாரியில் இருந்து நடந்து வந்ததா?

இப்படி இருக்கும்போதுதான் சுகந்தி சொன்னாள், நிலாவெளியில் ஒரு சேர் இந்தப் பரீட்சைக்குக் கிளாஸ் எடுக்கிறார், சனிக்கிழமைகளில் போகப் போகிறேன் என்று. வீடு முழுக்கச் சந்தோஷம். எங்கள் ஊரில் கிளாஸ் என்பது கோயிலுக்கு அடுத்த இடம். கிளாஸ் என்றால் ஒருவரும் மறிக்க மாட்டார்கள். மாமியே ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை நிலாவெளியில் இருக்கும் சிநேகிதி ஒருத்தியைப் பார்க்க, அந்த வழியால் போகும் குச்சவெளி பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் சுகந்தி. மடியில் போட்டோகொப்பிக் கட்டு, கையில் பென்சில். நான் பக்கத்தில் போய் இருந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸிலோ பாட்டுக் காதைக் கிழிக்கிறது. பின்னால் ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது. கொண்டக்டர் கத்துகிறார். இவள் பாட்டுக்குக் கோடு போட்டுப் போட்டு வாசிக்கிறாள்!

நிலாவெளி வந்தது. "எடி, இறங்கன்" என்றேன். துள்ளிவிழுந்து என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. இறங்கவில்லை.

"எங்கயடி போறாய்?"

"குச்சவெளிக்கு."

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகு என்னத்துக்கு?"

"திரும்பி வாறதுக்கு."

உண்மையைச் சொல்கிறேன், என் புத்தி எங்கெங்கோ போனது. புருசனோடு சண்டையோ? சாத்திரியாரிடம் போகிறாளோ? அதற்கும் மேலேயும் போனது, அதை இங்கே எழுத மாட்டேன். நானும் இறங்கவில்லை. சிநேகிதியை மறந்தேன். பஸ் இறக்கக்கண்டிப் பாலத்தில் ஏறும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கிளாஸ் ஒண்டும் இல்லை அக்கா. இந்தப் பஸ்தான். போய் வர ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல. நல்லா மண்டையில ஏறுது."

"இந்தச் சத்தத்துக்குள்ளயோ?"

"சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை. இது ஒண்டும் என்னைக் கூப்பிடுற சத்தம் இல்லையே. போனையும் நிப்பாட்டிப் போட்டிடுவன். கிளாஸில இருக்கிறன் எண்டு நினைச்சு ஒருத்தரும் கோவிக்க மாட்டினம்."

"வீட்டில வாசிச்சால் என்ன?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்கள் நாளைக்கு வந்து பாருங்கோவன்."

போய்ப் பார்த்தேன். ஞாயிறு காலை. விறாந்தைக் கதிரையில் போட்டோகொப்பியோடு இருந்தாள். ஒரு பந்தி வாசித்திருப்பாள். குசினிக்குள் இருந்து ரவி குரல் கொடுத்தார்: "சுகந்தி, உப்பு எங்க?" முட்டை பொரிக்கிறாராம், மனைவிக்கு உதவி. உப்புப் போத்தல் அடுப்புக்குப் பக்கத்தில், அவர் கைக்குக் கிட்ட, கலியாணம் செய்த நாளில் இருந்து அதே இடத்தில் இருக்கிறது. இவள் எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். முதல் வரியில் இருந்து மறுபடி தொடங்கினாள். "பிள்ளை, போன் அடிக்குது." "அம்மா, என்ர கலர் பென்சிலைத் தம்பி எடுத்திட்டான்." "சுகந்தி, வாசல்ல மீன்காரர்... சூடை வேணுமோ, பாரை வேணுமோ?" மீன் தின்னப் போவது வீட்டில் எல்லோரும். கேள்வி மட்டும் இவளுக்கு.

எனக்கு இரத்தம் கொதித்தது. மூளை மந்தமாம், மறதியாம்! ஐந்து பேருடைய ஞாபகத்தை ஒருத்தியின் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, அந்தத் தலை ஏன் சுற்றுகிறது என்று வால்நட் கொடுக்கிறார்கள்.

"எழும்பு, அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி" என்றேன். போனாள், சாத்தினாள். அதுதான் நான் செய்த பெரிய பிழை.

எங்கள் வீடுகளில் ஒரு பெண் பகலில் கதவைச் சாத்தினால், ஒன்றில் உடுப்பு மாற்றுகிறாள், இல்லாவிட்டால் வருத்தம், அதுவும் இல்லாவிட்டால் கோபம். நாலாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று எங்கள் சனத்துக்குத் தெரியவே தெரியாது. மாமி வந்து கதவில் காது வைத்தார். "என்ன பிள்ளை, ஒரு சத்தத்தையும் காணேல்லை?" என்று என்னைக் கேட்டார். "படிக்கிறாள் மாமி." "படிக்கிறதுக்கு ஏன் கதவு?" ரவி கொத்தமல்லித் தண்ணியும் குளிசையுமாக வந்து தட்டினார். "சுகந்தி, தலையிடியோ?" பிறகு குரலைத் தாழ்த்தி, "முந்தநாள் நான் கத்தினதை மனசில வச்சிருக்கிறியோ?" என்றார். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "வீட்டில ஏதும் பிரச்சினையே?" என்று கேட்டதும், சுகந்தி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அவள் கதவைச் சாத்தும்போது அடுப்பில் வைத்த உலை அப்போது கொதிக்கவும் தொடங்கவில்லை.

ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ரவி தங்கமான மனிதர். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தால் நேரே வீடுதான். அதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டுகிறது. கெட்டவன் என்றால் சண்டை பிடிக்கலாம். அன்பாக வந்து தட்டுகிறவரோடு என்ன செய்வது?

"நீ பஸ்ஸிலயே போடி" என்றேன். போனாள். மழையிலும் போனாள். பரீட்சைக்குப் பேரும் கொடுத்தாள், எழுதினாள், பாஸ் பண்ணினாள். புகையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

இனி அந்த வேட்டிக்கு வருகிறேன்.

தட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரவி நிற்கிறார். "வால்நட் ஒரு பக்கம் வேலை செய்துதுதான். ஆனாலும் சேர் இல்லாட்டி ஏலாது" என்று அவரே எல்லோருக்கும் மார்க்ஸ் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமி உடனே, "வல்லாரையை மான் தின்னாமல் விட்டிருந்தால் முதலாவதாய் வந்திருப்பாள்" என்றார். பாஸ் பண்ணினவளுக்கு மட்டும் அந்த மார்க்ஸில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். சுகந்தி முந்திவிட்டாள்.

"சேர் இல்லை." துணியை மேசையில் வைத்தாள். "கிளாஸ் இல்லை. நான் குச்சவெளி பஸ்ஸில போய் வந்து படிச்சனான்."

ரவிக்கு விளங்கவில்லை. "பஸ்ஸிலயோ? ஏன்... வீட்டில அறை இருக்கே?"

"அறை இருக்கு. இந்த வீட்டில நான் ஒரு பக்கத்தை முழுசா வாசிச்சு முடிச்சது கடைசியா எப்ப எண்டு உங்களில ஆருக்கும் தெரியுமே? எனக்கு வருத்தம் எண்டு நினைச்சு எத்தினை நாள் பயந்து அழுதனான் தெரியுமே? எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்னை விட்டால் போதும்!"

அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ரவியின் முகம் சுருங்கிவிட்டது. தட்டம் இன்னும் கையில் இருந்தது. அப்போது மாமி, மனசாரச் சொன்னார்:

"பஸ்ஸில தனியப் போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை. துணைக்கு நானும் வந்திருப்பனே!"

சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா, நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்ச நேரத்தால் சின்னவன் மெல்லமாக, "அம்மா, இன்னும் பாயாசம்" என்றான். சுகந்தி அசையவில்லை. ரவி தட்டத்தை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். லாச்சி திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், ஏதோ விழுகிற சத்தம். ஒருமுறை வாசல் வரைக்கும் வந்து வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். திரும்பிப் போனார். கரண்டியைத் தானே கண்டுபிடித்தார்!

இந்தப் பத்தியை வாசிக்கிற உங்களில் சிலர் எனக்கு எழுதுகிறீர்கள், மனசு ஒன்றில் நிற்கவில்லை, வழி சொல்லுங்கள் என்று. நடவுங்கள், நேரத்துக்குப் படுங்கள், போனைத் தூர வையுங்கள். எல்லாம் நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் இன்னும் ஒரு பழக்கம் இருக்கிறது, அது உங்களுக்கு அல்ல, உங்களோடு இருக்கிறவர்களுக்கு. ஒருத்தியின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு முதல் அந்த அலுமாரியை ஒருதரம் திறந்து பாருங்கள். பகலில் ஒரு கதவு சாத்தியிருந்தால் அது சாத்தியபடியே இருக்கட்டும். கொத்தமல்லித் தண்ணியை நீங்களே குடியுங்கள்.

நேற்றுச் சனிக்கிழமை. பரீட்சை முடிந்துவிட்டது, படிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் சுகந்தி குச்சவெளி பஸ்ஸில் ஏறினாள், இந்த முறை வீட்டில் சொல்லிவிட்டு. என்னையும் வரச் சொன்னாள். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை.

குச்சவெளியில் பஸ் நின்றதும், கைப்பையில் இருந்து அந்த வேட்டியை எடுத்து டிரைவரிடம் நீட்டினாள். காற்சட்டை போட்ட சின்ன வயசுப் பொடியன். மிரண்டுபோனான்.

"என்னத்துக்கு அக்கா எனக்கு?"

"இவ்வளவு நாளும் உங்கட பஸ்ஸில வாறன் தம்பி" என்றாள் சுகந்தி. "நீங்கள் ஒருக்காலும் என்னட்ட உப்பு எங்க எண்டு கேக்கேல்லை."