பூஜ்யத்தை நம்பாதவள்

ஒட்டுநாடாவை அழுத்திப் பிரிக்கிறாள். பிரித்ததை இன்னொரு நாடாவில் ஒட்டி மறுபடி பிரிக்கிறாள். கருஞ்சாம்பல் படிகம் ஏடு ஏடாக உரிந்து, கடைசியில் கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு மிஞ்சுகிறது. அதுதான் வேண்டுமாம். ஆய்வுக்கூடத்தில் என் மருமகளுக்கு ‘டேப் அக்கா’ என்று பெயர். வீட்டிலும் கை சும்மா இருக்காது. புது டப்பா வந்தால் அதன் லேபிள் தப்பாது.

ஒருமுறை தும்மியதில் மூன்று மாத உழைப்பு பறந்துபோயிற்று. அன்றிலிருந்து தும்மலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிடுகிறாள். நம்பாதவர்கள் ஞாயிறன்று எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளை வந்து பார்க்கலாம்.

“குளிர வெச்சா உள்ள இருக்கற எலக்ட்ரான் எல்லாம் அலை அலையா வரிசை கட்டி உக்காந்துக்கும் அத்தை. நசுக்கினா வரிசை கலையும். அப்புறம் ஜோடி சேந்துக்கிட்டு, எதுலயும் இடிக்காம ஓடும்.”

“உன் புருஷனையும் கொஞ்சம் நசுக்கிப் பாரேன். சோபாவ விட்டு எழுந்திரிக்கறானான்னு பாப்போம்.”

நசுக்குவது இரண்டு வைரங்களுக்கு நடுவில். எங்கள் குடும்பத்தில் வைரம் தொட்டவள் இவள் ஒருத்திதான். அதற்கும் இந்தக் கதி.

இந்தப் படிகத்தில் வரிசை கலையும் என்று சொன்னவள் இவள் மட்டும். கலையாது என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். குளிர்விக்கும் இயந்திரம் இரண்டு நாள்தான் இவள் கையில். அதற்குள் காட்டாவிட்டால் நாலு வருஷ வேலையை மூட்டை கட்ட வேண்டியதுதான். சாப்பாட்டுப் பெட்டி கொடுக்கும் சாக்கில் நானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

எலக்ட்ரான் இடிக்காமல் ஓடினால் மின்தடை பூஜ்யமாகிவிடுமாம். முதல் நாள், திரையில் மின்தடைக் கோடு சரேலென்று பூஜ்யத்தில் விழுந்தது. தலைவரே கை தட்டினார். “நான் தோத்துட்டேன்மா. எழுதிடு.”

இவள் எழுதவில்லை. மெல்லச் சூடேற்றினாள். கோடு எழும்பவேயில்லை.

“சூட்டுலயும் பூஜ்யமாவே நின்னா எப்படி சார்? நான் வெச்ச வெள்ளிப் பசை வழிஞ்சு, அளக்கற ரெண்டு கம்பியும் ஒட்டிக்கிச்சு. இது பொய்.”

“வாய மூடிட்டு இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன், வீடு திரும்பும்போது.

“எனக்குத் தெரியுமே அத்தை.”

மறுநாள் புதுத் துணுக்கு, புதுக் கம்பி. சாயங்காலம் நாலு மணிக்குக் கோடு மறுபடி பூஜ்யத்தில் இறங்கியது. இம்முறை தலைவர் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். இவள் சூடேற்றினாள். கோடு அசையவில்லை. ஒரு நிமிஷம். இன்னொரு நிமிஷம். பிறகு, தூக்கம் கலைந்ததுபோல் மேலே ஏறியது. மறுபடி குளிர்வித்தாள், மறுபடி இறங்கியது.

மருமகள் எழுந்தாள். நிதானமாக வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நடைவழியிலிருந்து, புதன்கிழமை என்றும் பாராமல், ஒரு தும்மல் கேட்டது.